ஹனிசக்கிள்: பூவை எண்ணாமல் கத்தரியை எடுக்காதீர்கள்

"ஹனிசக்கிள் கொடி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. நன்றாகத் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை. எப்போது கவாத்து செய்யலாம்?" இந்தக் கேள்விக்கு உடனே ஒரு மாதத்தின் பெயரைச் சொல்பவரை நம்ப வேண்டாம். "எந்த ஹனிசக்கிள்?" என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். லோனிசெரா என்கிற இந்தப் பேரினத்தில் நூற்றைம்பதுக்கு மேல் இனங்கள் இருக்கின்றன. இமயத்தின் வறண்ட சரிவுகளில் தரையை ஒட்டிக் கிடக்கும் முட்புதரும் இதில் உண்டு. பர்மாவின் ஷான் மலைகளில் மரத்தில் ஏறி, 15 செ.மீ. நீளத்துக்குப் பூ விடும் பெருங்கொடியும் உண்டு. பிப்ரவரியில் வெட்டினால் ஓர் இனம் கூடுதலாகப் பூக்கும். அதே மாதம் அதே வெட்டு, இன்னோர் இனத்தில் அந்த வருஷப் பூவையே குப்பைக்கு அனுப்பிவிடும்.

அதற்கும் முன்னால், வீட்டில் இருப்பது லோனிசெராதானா என்று பார்த்துவிடுங்கள். ஹனிசக்கிள் என்று சொல்லி விற்கப்படும் செடிகளில் இரண்டு இந்தக் குடும்பத்திலேயே சேராதவை. ஒன்று ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்து இளஞ்சிவப்பாகவும் சிவப்பாகவும் மாறும் கொத்துப்பூ. ஐந்து இதழும் ஒரே அளவில் வட்டமாக விரிந்திருக்கும். மருத மரத்தின் குடும்பம் அது. இரண்டாவது, கேப் ஹனிசக்கிள். ஆரஞ்சு நிறக் குழல் பூ. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரிசையாக நிற்கும் கூட்டிலை. லோனிசெராவில் கூட்டிலையே கிடையாது. இரண்டு தனியிலைகள் எதிரெதிராக ஒரே கணுவில் நிற்கும். பெரும்பாலான இனங்களில் பூவுக்கு இரண்டு உதடு: மேலுதட்டில் நான்கு மடல், கீழுதட்டில் ஒன்றே ஒன்று. பின்னால் பழமாகும் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும். ஜப்பான் ஹனிசக்கிளின் (ஜப்பானிகா) இளங்கொழுந்தில் மட்டும் இலை விளிம்பு ஆழமாக நெளிந்து வேறு செடி போலத் தெரியும். நர்சரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கொடி முதிர்ந்தால் இலை சரியாகிவிடும்.

பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ஸ்வீடன் தாவரவியலர் லின்னேயஸ், 1753இல். பிராங்க்ஃபர்ட்டில் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டு மருத்துவரும் மூலிகை ஆய்வாளருமான ஆடம் லோனிட்சரின் நினைவாக வைத்தது. குடும்பம் கேப்ரிஃபோலியேசி. இதன் எல்லைகள் நம் காலத்தில் நிறையவே மாறியிருக்கின்றன. முன்பு உள்ளே இருந்த வைபர்னம், எல்டர் என்னும் செடிகள் வெளியே போய்விட்டன. பூக்கும் தாவரங்களை மரபணு அடிப்படையில் பிரிக்கும் ஏபிஜி ஆய்வுக்குழுவின் மூன்றாவது வகைப்பாடு 2009இல் வந்தது. அது வலேரியன், ஸ்கேபியோசா, அபீலியா, வைகெலா ஆகியவற்றின் கூட்டங்களை உள்ளே சேர்த்துக்கொண்டது. அந்தக் கணக்கில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சடாமாஞ்சிலும் ஹனிசக்கிளுக்கு உறவு.

தோட்டக்காரருக்கு வேண்டியது பேரினத்தின் உட்பிரிப்பு. தாவரவியலர் ஆல்ஃபிரட் ரேடர் 1903இல் வெளியிட்ட தொகுப்புதான் இன்றும் அடித்தளம். மரபணு ஆய்வுகள் வந்தபின் சிறிய பிரிவுகளின் எல்லைகள் ஆங்காங்கே கலைந்தன. பெரிய இரண்டு துணைப்பேரினங்கள் நின்றன. அவற்றைப் பிரித்தறிய லென்ஸ் வேண்டாம், பூ எப்படி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

தண்டின் நுனியில், வட்டமாக, பெரும்பாலும் ஆறாறு பூக்களாக அடுக்கி நின்றால் அது பெரிகிளைமெனம் துணைப்பேரினம். அநேகமாக எல்லாம் கொடிகள். பூங்கொத்துக்குக் கீழே உள்ள கடைசி இலை ஜோடி ஒன்றோடொன்று ஒட்டி, தண்டு நடுவில் துளைத்துக்கொண்டு போகும் தட்டுபோல் ஆகிவிடும். ஐரோப்பாவின் கேப்ரிஃபோலியம், அமெரிக்காவின் செம்பவளக் கொடி செம்பர்வைரென்ஸ் இரண்டிலும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் துணைப்பேரினத்துக்கே பெயர் கொடுத்த பெரிகிளைமெனம் இனத்தில் மேலிலைகள் ஒட்டுவதில்லை, காம்பின்றி நெருங்கி நிற்பதோடு சரி. அதனால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பூ அடுக்கைப் பாருங்கள்.

இலை தண்டோடு சேரும் மூலையான இலைக்கக்கத்திலிருந்து ஒரு காம்பு வந்து, அதன் நுனியில் இரட்டையாக இரண்டு பூ நின்றால் அது லோனிசெரா துணைப்பேரினம். பேரினத்தின் பெரும்பகுதி இதில்தான் அடங்கும். ரேடர் இதை நான்கு பிரிவாக்கினார். இங்கே பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டிப் பாருங்கள். நடுவில் வெண்சோறு (மெத்தென்ற தக்கை) நிறைந்திருந்தால் ஐசிகா அல்லது ஐசோசைலாஸ்டியம். ஐந்து மடலும் சமமாக இருக்கும் சிறு பூவுள்ள மலைப்புதர்கள் ஐசோசைலாஸ்டியம். குளிர்காலத்தில் மணக்கும் ஃபிராக்ரன்டிசிமா, வேலிச்செடி நிடிடா, நீலப்பழம் தரும் சிரூலியா எல்லாம் ஐசிகா. குச்சி உள்ளே குழலாக இருந்து, செடி நிமிர்ந்த புதராக இருந்தால் சீலோசைலாஸ்டியம்: டாட்டாரிகா, மாக்கியை போன்றவை. குழல் தண்டோடு கொடியாகச் சுற்றினால் நின்டூவா. ஜப்பான் ஹனிசக்கிள் இதைச் சேர்ந்தது. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களில் தானாக வளரும் லெஷெனோல்டியையும் இதுதான். 1816 முதல் சில வருஷம் புதுச்சேரியில் இருந்துகொண்டு நீலகிரி ஏறி இறங்கிய பிரெஞ்சு இயற்கையியலர் லெஷெனோவின் பெயர் அந்தக் கொடிக்கு.

இனி கவாத்து. பூ எந்தத் தண்டில் வருகிறது என்பதுதான் முழு விஷயமும்.

ஜப்பான் ஹனிசக்கிள் அந்த வருஷம் விடும் புதுக் கொழுந்தில் பூக்கும். ஆகவே குளிர் முடிந்து கொழுந்து கிளம்பும் முன் வெட்டலாம், தயங்காமல் வெட்டலாம். பின்னிப் பந்தாகிப்போன கொடியைத் தரையிலிருந்து 60 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டினாலும் பிழைத்து எழும். சீனாவில் மருந்துக்காகப் பயிரிடுபவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொடியைப் படரவிடாமல் ஒற்றைத் தண்டில் குட்டை மரமாக்கி, குளிர்காலத்தில் ஒருமுறை கடுமையாகவும், ஒவ்வொரு பூப்பறிப்புக்குப் பின் லேசாகவும் நுனி வெட்டி, ஒரே வருஷத்தில் மூன்று நான்கு முறை பூ எடுக்கிறார்கள். ஷான்டோங் மாகாணத்தின் பிங்யி மாவட்டம் இதற்குப் பெயர்போனது. அவர்களுக்கு வேண்டியது விரிந்த பூ அல்ல, விரிவதற்குச் சற்று முன் நுனி பருத்து வெளுத்த மொட்டு. விரிந்துவிட்டால் விலை விழும். அங்கேயும் வகைப்பாடு காசைத் தீர்மானிக்கிறது: 2005ஆம் ஆண்டுச் சீன மருந்து நூல் ஜப்பானிகாவை மட்டும் ஜின்யின்ஹுவா என்று நிறுத்திக்கொண்டு, அதுவரை கூடவே விற்ற மற்ற இனங்களை ஷான்யின்ஹுவா என்று தனிச் சரக்காகப் பிரித்துவிட்டது.

ஐரோப்பிய பெரிகிளைமெனம் வகைகள் இதற்கு நேர் எதிர். போன வருஷத் தண்டில் பூக்கும். குளிர்கால முடிவில் மொத்தமாக வெட்டினால் அந்த வருஷம் பூவை மறந்துவிட வேண்டியதுதான். பூத்து ஓய்ந்த உடனே, பூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். இந்த இனத்தில் முன்பூக்கும் பெல்ஜிகாவையும் பின்பூக்கும் செரோடினாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசம் பல வாரம் நீளும். செம்பர்வைரென்ஸ் நடுவழி: முதல் அலை பழைய தண்டில், பிறகு புதுக் கொழுந்துகளில் விட்டு விட்டு. முதல் அலை முடிந்ததும் லேசாக வெட்டினால் போதும். ரீங்காரச் சிட்டுகளை நம்பிப் பூக்கும் இனம் என்பதால் வாசம் எதிர்பார்க்காதீர்கள். வாசத்துக்காக வைப்பதானால், அந்தியில் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும் பெரிகிளைமெனமோ ஜப்பானிகாவோ வேண்டும். அதையும் மாலையில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஃபிராக்ரன்டிசிமா இலையற்ற பழைய கிளையில் குளிர்காலத்தில் பூக்கும். பூ முடிந்தவுடன், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கிழத்தண்டுகளை அடியோடு எடுங்கள். நுனிகளை உருண்டையாகச் சீவினால் பூமொட்டு வரும் கிளையெல்லாம் போய்விடும். நிடிடாவுக்குச் சீவல்தான் வாழ்க்கை. வேலியாக 30 செ.மீ. இடைவெளியில் நட்டு, வளரும் பருவத்தில் இரண்டு மூன்று முறை கத்தரிக்க வேண்டும். மேலே குறுகலும் அடியில் அகலமுமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அடி வெளிச்சம் காணாமல் மொட்டையாகும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர விட்டால் மெல்லிய தண்டுகள் பாரம் தாங்காமல் பிளந்து சாயும். உயரமான வேலி வேண்டுமென்றால் வேறு செடி பாருங்கள்.

நடும் முறையில் கொடிகளுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. 45 செ.மீ. ஆழ அகலக் குழி. எடுத்த மண்ணில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். களிமண்ணானால் அரைப் பங்கு மணல். சுவரை ஒட்டி நடாதீர்கள். சுவரடி மண்ணுக்கு மழையே எட்டாது. 30 முதல் 45 செ.மீ. தள்ளி நட்டுக் கொடியைச் சுவர் நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கம்பி சுவரிலிருந்து 5 செ.மீ. விலகி, 30 செ.மீ. இடைவெளியில் கிடைமட்டமாக ஓடட்டும். நட்டதும் கொடியில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தை மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளை வரும். வெட்ட மனம் வராமல் விட்டால் ஒற்றைத் தண்டு நேரே கூரைக்குப் போய் அங்கேதான் பூக்கும், கீழே வெறும் குச்சி நிற்கும். வேர் நிழலில், தலை வெயிலில் என்பது இந்தக் கொடிகளின் பொதுவிதி. மூடாக்கு 5 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

கொடியைக் கம்பத்தில் ஏற்றும்போது சுற்றும் திசையைக் கவனியுங்கள். லோனிசெரா மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் ஏறும். சங்குப்பூ, அவரை ஆகியவற்றுக்கு எதிர்த்திசை. அவரைக்கொடியைச் சுற்றிவிடும் பழக்கத்தில் கையால் மாற்றிச் சுற்றிவிட்டால் சில நாளில் நுனி தானாக அவிழ்ந்து தொங்கும். கட்டிய கயிறுதான் மிச்சம். இளம் மரத்தில் ஏற்ற வேண்டாம். கொடித்தண்டு மரமாக இறுகி, மரத்தின் பட்டையில் திருகு அச்சு விழும் அளவுக்கு நெரிக்கும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 40 செ.மீ. அகலத்துக்குக் குறைவான தொட்டியை எடுக்காதீர்கள். வேர் காய்ந்து நனைந்து காய்ந்து நனைந்தால் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும், கூடவே சாம்பல் நோய் வரும். சாம்பல் நோய்க்கு ஈரம்தான் காரணம் என்று நினைத்துத் தண்ணீரைக் குறைப்பவர்கள் நோயை வளர்க்கிறார்கள். வேரில் வறட்சி, இலை அடர்த்திக்குள் காற்றோட்டமின்மை, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது பரவுகிறது. வேருக்கு நீர் விட்டு, உள்ளே பின்னிய தண்டுகளை எடுத்துக் காற்று புக வழி செய்தால் பாதி சரியாகும். சமவெளி வெயிலில் ஜப்பானிகாவுக்குக் காலை வெயில் மட்டும் போதும். பிற்பகல் வெயிலில் இலை விளிம்பு கருகும். பெங்களூரு, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்களில் இந்தக் கவலை குறைவு.

அசுவினிதான் நிரந்தர எதிரி. மொட்டு விடும் நேரத்தில் நுனியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சினால் மொட்டு சுருண்டு, பூ விரியாமலே காயும். கொழுந்தை வாரத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிறிதாக இருக்கும்போதே நீரைப் பீய்ச்சி அடித்தாலே போகும். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கரைய வைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின். யூரியா போட்ட செடியில் அசுவினி இரட்டிப்பாக வரும், பூவும் குறையும். "தழைக்கிறது, பூக்கவில்லை" என்கிற புகார்களில் தவறான மாதக் கவாத்துக்கு அடுத்த காரணம் இதுதான். டாட்டாரிகா புதரில் நுனிகள் துடைப்பம் போல் குச்சி குச்சியாகக் கிளைத்தால் அதுவும் ஒருவகை அசுவினியின் வேலை. மருந்தால் தீராது, துடைப்பங்களைக் குளிர்காலத்தில் வெட்டி அழிக்க வேண்டும். மாறாக, முதிர்ந்த தண்டின் பட்டை நீளநீளமாக உரிவது நோயே அல்ல. பல இனங்களின் இயல்பு அது.

பழத்துக்கு வருவோம். பெரும்பாலான ஹனிசக்கிள் பழங்கள் தின்னத் தக்கவை அல்ல. சைலாஸ்டியம் போன்ற இனங்களின் சிவப்புப் பழம் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குழந்தைகள் உள்ள வீட்டில் எல்லாப் பழத்தையும் விஷம் என்றே சொல்லி வையுங்கள். விலக்கு, சிரூலியா. ஹாஸ்கப், ஹனிபெர்ரி என்று விற்பது இதுதான். இரட்டைப்பூவின் இரண்டு சூலகத்தையும் பூவடிச் செதில்கள் சேர்ந்து மூடி, ஒரே நீலப்பழமாக ஆக்கிவிடுகின்றன. பழத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு அறை தெரியும். ஜப்பானில் ஹொக்கைடோ தீவு, ரஷ்யா, கனடா மூன்றும் இதன் முக்கியக் களங்கள். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களே வட அமெரிக்க நர்சரிகளில் அதிகம். செடி −40 பாகை வரை தாங்கும், விரிந்த பூவே −7 பாகை தாங்கும். குளிர்காலம் உறையாத ஊரில் இதற்கு வேலை இல்லை. ஊட்டியில் முயல்வதும் வீண். டொராண்டோ, எட்மன்டன் பக்கம் கொல்லைப்புறம் வைத்திருக்கும் தமிழர்கள் தாராளமாக வைக்கலாம்.

அங்கே நடக்கும் முதல் தவறு, ஒரே ரகத்தில் இரண்டு செடி வாங்குவது. தன் மகரந்தம் தனக்கு உதவாது. உறவில்லாத, ஒரே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் வேண்டும். டண்ட்ரா, இண்டிகோ ஜெம், போரியாலிஸ் மூன்றும் நெருங்கிய உறவு, ஒன்றுக்கொன்று உதவாது. அவற்றுக்கு அரோரா சரியான துணை. தாமதமாகப் பூக்கும் போரியல் பியூட்டிக்குப் போரியல் பீஸ்ட். இரண்டாவது தவறு, தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நடுவது. 5 செ.மீ. அதிக ஆழத்தில் நட்டால் புதைந்த தண்டும் வேர் விடும். செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர். வேர் மேலாகவே ஓடுவதால் களைக்கொத்து ஆழப் போகக் கூடாது, மூடாக்குதான் வழி. முதல் மூன்று நான்கு வருஷம் கவாத்தே வேண்டாம். பிறகு இலை துளிர்க்கும் முன் கிழத்தண்டுகளை மட்டும் எடுங்கள், ஒரே வருஷத்தில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். மூன்றாவது தவறு, நீலமானவுடன் பறிப்பது. வெளித்தோல் நீலமாகிப் பல நாள் கழித்துத்தான் உட்சதை பச்சை மாறிச் செந்நீலமாகும். ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுப் பறியுங்கள். அந்தக் காத்திருப்பில் பறவைகள் முந்திவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கும்போதே வலை கட்ட வேண்டும். ஜூலை வெயிலில் இலை பழுப்பேறினால் பதற வேண்டாம், பழம் அதற்குள் முடிந்திருக்கும்.

கொடி இனங்களைப் பெருக்க எளிய வழி பதியம். ஒரு வருஷத் தண்டைத் தரைக்கு வளைத்து, கணுவின் அடியில் தோலை லேசாகக் கீறி, 5 செ.மீ. மண்ணுக்குள் அமுக்கிக் கல் வைத்தால் ஒரு பருவத்தில் வேர் பிடிக்கும். போத்து வைப்பதானால் அரைமுதிர்ச்சித் தண்டில் 10 செ.மீ. துண்டு, கணுவுக்குச் சரியாகக் கீழே வெட்டியது. குழல் தண்டு இனங்களில் கணுவிடையில் வெட்டினால் குழலுக்குள் நீர் தங்கி அடி அழுகும். தென்னை நார்க்கழிவும் மணலும் சரிபாதி, பாதி இலை நீக்கியது, நிழல். நிமிர்ந்த புதர்களுக்கு இலையுதிர்ந்த பின் 20–25 செ.மீ. முதிர்குச்சியே போதும். விதை மெதுவானது, பல இனங்களுக்கு ஈரமணலில் கலந்து குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் முளைக்கும். கலப்பின ரகங்களின் விதை தாயைப்போல் வராது.

இவ்வளவு எளிதாக வேர் பிடிப்பதுதான் இதன் ஆபத்தும். ஜப்பானிகா 1806இல் அமெரிக்கா போனது. வீரியமான ஹாலியானா வகை 1862இல் பின்தொடர்ந்தது. இன்று தென்கிழக்கு மாநிலக் காடுகளில் இளமரங்களை மூடி வளரும் களை அது. புதர் இனமான மாக்கியையும் அங்கே அப்படியே. வெளியிலிருந்து வந்து நம் மலையூர்களில் களையாகப் பரவிய சீகைமரமும் ஸ்காட்ச் புரூம் புதரும் செய்தது போதும். சோலைக்கு அருகில் வீடு இருந்தால் ஜப்பானிகாவைத் தரையில் நடாமல் தொட்டியில் வையுங்கள். கரும்பழம் தோன்றியதும் பறவைக்கு முன் நீங்கள் பறித்துவிடுங்கள். உள்ளூர் லெஷெனோல்டியை வேண்டுமென்று காப்புக்காட்டில் போய்த் தண்டு ஒடிப்பது சட்டப்படி குற்றம், சொந்த நிலத்தின் ஓரத்தில் தானாக இருந்தால் அதிலிருந்து பதியம் போடுங்கள். கவாத்தில் விழுந்த ஜப்பானிகாத் தண்டுகளைப் பச்சையாக உரக்குழியில் போடாதீர்கள். கணுவுள்ள துண்டு ஈர மண்ணைத் தொட்டாலே வேர் விடும். சிமெண்டுத் தளத்தில் பரப்பி, வளைத்தால் ஒடியும்வரை காயவிட்டு, அதன்பிறகு குழியில் கொட்டுங்கள்.